தன்சல் வரிசையில் மாப்பிள்ளை

அக்காவை இரத்தினபுரி டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு நல்ல நாள் பார் என்று அம்மா சொன்னபோது, அது இவ்வளவு பெரிய வேலை என்று நான் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஏ லெவலைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிப்பது, போனுக்கு வரும் இங்கிலீஷ் மெசேஜுக்கு அர்த்தம் சொல்வது, டிவியில் காணாமல் போன சானலைத் தேடிப் பிடிப்பது எல்லாம் என் தலையில்தான் விழும். நாள் பார்ப்பதும் அந்த வகையில் ஒன்று என்றுதான் எனக்குப் பட்டது.

விஷயம் இதுதான். தெரணியகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் சித்தப்பா வாட்சராக இருக்கிறார். அதே தோட்டத்தில் ஒரு பையன் இருக்கிறார், ரப்பர் ஃபேக்டரியில் மெஷின் வேலை, நம்மைப் போலவே வேதக்காரக் குடும்பம், அக்காவுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று அவர் போனில் சொன்னார். அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது. வந்து பெண் பார்க்கட்டும் என்றார். அக்காதான் முடியாது என்றாள்.

அவள் முடியாது என்றதில் நியாயம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் பெல்மதுளைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் அவளைப் பெண் பார்க்க எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கே வந்தது. வேன் வந்து நின்ற சத்தத்துக்கு லயத்தில் இருந்த எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். சிலர் உட்காரக் கதிரையோடு வந்தார்கள். எங்கள் வாசலுக்கு நேரே உள்ள தண்ணீர்ப் பீலியில் அன்றைக்கென்று பார்த்து ஒரு கூட்டமே உடுப்புத் துவைத்தது. எந்த உடுப்பும் நனைந்ததாக எனக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் முறுக்குச் சாப்பிட்டார்கள், பிளேன்டீ குடித்தார்கள், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். அவர்கள் வீட்டில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

அக்காவுக்கு வேலை பிள்ளை மடுவத்தில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. காலையில் ஒவ்வொரு தாயும் குழந்தையையும் ஒரு கேள்வியையும் சேர்த்தே அக்காவின் கையில் கொடுத்தார்கள். பதில் வந்ததா? பின்னேரம் குழந்தையைத் திரும்ப வாங்கும்போது அதே கேள்வியை மறுபடி கொடுத்தார்கள். அந்த வருடம் மடுவத்தில் பேசப் பழகிய ஒரு குழந்தை, பால் என்று சொல்வதற்கு முன்னாலேயே பதில் என்று சொல்லிவிட்டது என்பாள் அக்கா. நான் அதை முழுக்க நம்பவில்லை. ஆனால் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் சிரிக்கவும் முடியாது.

அதனால் இந்த முறை அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"இந்தத் தடவ நான் பாக்கணும். அவங்க என்னப் பாக்குறதெல்லாம் அப்புறம். வேடிக்க பாக்க ஆளில்லாத எடத்துல, அந்த ஆள் எப்படின்னு நான் பாத்து, கொஞ்சம் பேசணும். அதுக்குப் பொறகு பதில் நான் சொல்றேன்."

பார்த்தவுடன் எப்படித் தெரியும் என்று கேட்டேன். சாப்பாட்டுக்கு எப்படிக் காத்து நிற்கிறார் என்று பார்த்தால் போதும் என்றாள். மடுவத்தில் பால் ஊற்றும்போது முந்தி விழுந்து வருகிற பிள்ளை உண்டு, கோப்பையைத் தட்டி அழுகிற பிள்ளை உண்டு, பக்கத்துப் பிள்ளைக்கு வந்ததா என்று பார்க்கிற பிள்ளை உண்டு. வளர்ந்தாலும் அது மாறாது என்பது அவள் கண்டுபிடிப்பு. பல்கலைக்கழகத்துக் கன்டீனில் நான் எப்படி நிற்கிறேன் என்று அப்போது ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்து, பேச்சை மாற்றினேன்.

ஆக, இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பது போல் ஒரே நாளில் இரத்தினபுரியில் இருக்க வேண்டும். கஹவத்தைக்கு மேலே இருக்கிற எங்களுக்கும் தெரணியகலையில் இருக்கிற அவர்களுக்கும் அதுதான் நடு. போவதற்கு எங்கள் தோட்டத்து டிவிஷனில் யாரும் சந்தேகப்படாத ஒரு காரணமும் வேண்டும். சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தை முடிந்திருந்தது. அடுத்து தவக்காலம் என்றார் அம்மா. ஆண்டவர் பாடுபடுகிற காலத்தில் மாப்பிள்ளை பார்க்கக்கூடாது. அந்த வருடம் தவக்காலமும் நோன்பும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. நாங்கள் வழக்கமாகத் துணி எடுக்கும் கடை முதலாளி முஸ்லிம். நோன்பு நேரத்தில் பகலில் அவர் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார், அவரிடம் விலை குறைத்துக் கேட்க அம்மாவுக்கு வாய் வராது. விலை குறைக்காமல் துணி எடுப்பதாக இருந்தால் டவுனுக்கு எதற்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் கேள்வி. துணி எடுக்கவே போகவில்லையே, அது சும்மா ஒரு சாக்குத்தானே என்றேன். சாக்காக இருந்தாலும் கடைக்குள் போனால் விலை கேட்கத்தானே வேண்டும் என்றார்.

சித்திரை வருடப்பிறப்புக்கு பஸ்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்கு முந்திய சனி, ஞாயிறுகள் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டை நிரப்பியிருப்பார்கள். ஆவணிப் பெரஹெரா ஊர்வலம் வரை பொறுக்க மாப்பிள்ளையின் அம்மா தயாரில்லை என்றார் சித்தப்பா. தீபாவளிக்கு முன் போகலாம் என்று அப்பா ஒரு யோசனை சொன்னார். தீபாவளிக்கு முன் எங்கள் மாவட்டத்துத் தோட்டம் முழுவதும் துணி எடுக்க அந்த டவுனில்தான் இருக்கும்; அது டவுனுக்குப் போவதாகாது, காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்துக்குப் போவதாகும். அப்பா அதோடு யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

மிஞ்சியது வெசாக், புத்தர் பிறந்த திருநாள். யோசிக்க யோசிக்க எனக்கே என் மேல் மரியாதை வந்தது. பௌர்ணமிப் போயா நாள், வேலை இல்லை. லைட் தோரணம் பார்க்கப் போகிறோம் என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். டவுனில் அவ்வளவு ஜனம் இருக்கும், யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன்சல். தெருவுக்குத் தெரு கூடாரம் போட்டு வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் இலவசமாகச் சோறு போடுவார்கள். வாங்குவதற்கு வரிசையில் நிற்க வேண்டும். அக்கா கேட்ட பரீட்சையை ஊரே நடத்திக் கொடுக்கிறது.

மே மாதம் மாதாவின் மாதம், பின்னேர ஜெபமாலை தவறக்கூடாது என்று அம்மா இழுத்தார். பஸ்ஸிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தேன்.

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, மெல்லிய குரலில் திட்டத்தை விளக்கினேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தன்சலில் சந்திப்பது என்று முடிவு. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, மணிக்கூடுகிட்ட ஐஸ்கிரீம் தன்சல்தான் போடுவாங்க. சோத்துத் தன்சல் பாலத்துகிட்ட."

பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெரியம்மா. எங்களுக்கு உறவு இல்லை. ஆனால் எங்கள் லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது, அந்த அளவுக்கு நெருக்கம். நாங்கள் மூச்சுக்கூட விடாமல் கிடந்தோம். கொஞ்ச நேரத்தில் அதே குரல், "எனக்கு ஒண்ணும் கேக்கல, நீங்க பேசுங்க" என்றது.

சந்திக்கும் இடத்தைப் பாலத்துக்கு மாற்றினேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அடுத்த சிக்கல் அடையாளம். சித்தப்பா அனுப்பிய போட்டோ எதற்கும் உதவவில்லை. அதை எடுத்த ஸ்டூடியோக்காரர் மாப்பிள்ளைக்குக் கோட்டும் டையும் ஒட்டி, பின்னால் பனிமலையும் வைத்து, முகத்தை வெளுக்க வைத்ததில் மூக்கு காணாமல் போயிருந்தது. அழைத்துவந்து காட்டச் சித்தப்பாவாலும் முடியாது. எல்லாருக்கும் லீவு என்றால் வாட்சருக்குத்தான் வேலை. பையனின் நம்பரைக் கொடுத்தார். அது போதாது என்று நான் ஒரு அடையாளமும் யோசித்துச் சொன்னேன். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரட்டும்.

"நல்ல யோசன மகன்" என்றார் சித்தப்பா. படித்தவன் சொன்னால் அவர் மறுத்துப் பேச மாட்டார்.

அதன் பிறகு பார்க்கிறவர்களிடம் எல்லாம் வெசாக் தோரணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். காரணம் கேட்கும் முன்னால் நாமே சொல்லிவிட்டால் சந்தேகம் வராது என்பது என் கணக்கு. லைட்டுகள் ஓடி ஓடிக் கதை சொல்லும், விளக்கு ஏற்றிய வெசாக் கூடுகள் தண்ணீருக்கு மேலே மிதக்கும், ஒரு தெருவில் பலாக்காய் அவித்துக் கொடுப்பார்கள், அடுத்த தெருவில் கடலை, அதற்கடுத்து வில்வப்பூப் போட்ட பெலிமல் தண்ணி என்று சொன்னேன். கொஞ்சம் நன்றாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு நாள் தோட்டத் தலைவர் வீட்டுக்கு வந்து, டிவிஷனே வருவதாகவும், பஸ் பேசிவிட்டதாகவும், வழிகாட்ட நான் முன் சீட்டில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் ஆட்கள் எத்தனையோ வருடமாக இந்த டவுனுக்குப் பக்கத்தில் இருந்தும் தோரணத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை, படித்த பிள்ளை ஒருவர் முன்வந்து கூட்டிப் போகிறார் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மடுவத்தில் பாலைத் தட்டிவிட்ட பிள்ளையை அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைக்கிறேன்.

வெசாக் அன்று மத்தியானம் பஸ் புறப்பட்டது. அப்பா வரவில்லை. தான் வந்தால் மாப்பிள்ளையோடு பேச வேண்டி வரும், பேசினால் காரியம் கெட்டுவிடும் என்றார். பஸ்ஸில் பெரியம்மா அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வழி நெடுக அவள் தலைமுடியைச் சரி செய்துகொண்டே வந்தார். மற்றவர்கள் அக்காவைப் பார்க்காமல் இருந்தார்கள். அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்ததில், எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று தெரிந்தது. ஜெபமாலையின் நடுவில் அம்மா சொல்லாமலே சிலர், நல்ல வரன் அமைய என்று ஒரு கருத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

டவுனில் இறங்கிய இடத்தில்தான் எனக்கு அது உறைத்தது.

வெசாக். சில் எடுத்து விரதம் இருப்பவர்கள் வெள்ளை. பன்சலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் வெள்ளை. பக்தி கீதம் பாடும் பிள்ளைகள் வெள்ளை. தன்சலில் கரண்டி பிடித்தவர்கள், போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டவர்கள், ஐஸ்கிரீம் வாங்க நின்ற தாத்தாமார், தோளில் உட்கார்ந்திருந்த கைக்குழந்தைகள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இரத்தினபுரி முழுக்க வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. வெள்ளை போடாமல் வந்திருந்தது எங்கள் பஸ் மட்டும்தான்.

பெரியம்மா என் பக்கத்தில் வந்து நின்று, அந்தக் கூட்டத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார்.

"இதுல எந்த வெள்ளச் சட்ட தம்பி?"

அடையாளம் வரைக்கும் தெரிந்திருக்கிறது. நான் போனை எடுத்து மாப்பிள்ளையின் நம்பரை அழுத்தினேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மே மாதத்தில் இரத்தினபுரிக்குப் போகிறவர்கள் குடையோடு போக வேண்டும் என்பதை நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. எல்லாரும் பாலத்துப் பக்கம் ஓடி, சோத்துத் தன்சலின் தறப்பாள் கூடாரத்துக்குள் ஒண்டினோம்.

எதிர்ப்பக்கம் பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் பளபளக்கும் மணிக்கூடு, பெரிய குடை. யாருக்காகவோ காத்திருப்பது போல் அடிக்கடி நேரம் பார்த்தார். எங்கள் பஸ் முழுவதும் ஒரே நேரத்தில் அவரைப் பார்க்கத் தொடங்கியது. இத்தனை பேர் பார்த்தால் யாருக்கும் வருவதுபோல் அவருக்கும் தலையைச் சீவிக்கொள்ளத் தோன்றியது. அவ்வளவுதான். கூச்சப்படுகிறார், அவரேதான் என்று தீர்ப்பு ஆகிவிட்டது. பெரியம்மா கொண்டையை முடிந்துகொண்டு தெருவைக் கடந்தார். அம்மாவும் போனார். அவர்களுக்குப் பின்னால் டிவிஷன் போனது. நான் நில்லுங்கள் என்று சொன்னது மழையில் யாருக்கும் கேட்கவில்லை.

பெரியம்மா அவரிடம் எங்கே வேலை என்று சிங்களத்தில் கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது. அவரும் சிங்களத்தில்தான் பதில் சொன்னார். எங்கள் பக்கத்தில் அதை வைத்து யாரையும் பிரிக்க முடியாது. எங்கள் ஆட்கள் சண்டை போடுவதே பாதி சிங்களத்தில்தான்.

கூடாரத்துக்குள் எங்கள் ஆட்களில் நானும் அக்காவும் மட்டும் மிஞ்சினோம். வரிசை மெதுவாக நகர்ந்தது. நான் விடாமல் அந்த நம்பரை அழுத்திக்கொண்டிருந்தேன். அக்கா என் முழங்கையைத் தொட்டாள்.

"மறுபடி அடி."

அடித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் நானும் பார்த்தேன். கூடாரத்தின் மூலையில் உயரமான ஒருவர், துருப்பிடித்த இரும்புக் குழாய் ஒன்றை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் குழாயில்தான் தறப்பாளின் அந்தப் பக்கம் முழுக்க நின்றது. அவர் சட்டை ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கலாம். இப்போது தோளிலிருந்து இடுப்பு வரை துரு இறங்கியிருந்தது. சட்டைப் பையில் போன் வெளிச்சம் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. நான் நிறுத்தினேன், அது நின்றது.

அக்கா வரிசையை விட்டு அவரிடம் போனாள். நான் பின்னால் போனேன்.

"போன் அடிக்குதுங்க" என்றாள்.

"தெரியுதுங்க. கம்ப விட்டா தறப்பாள் அப்படியே சோத்துச் சட்டியில எறங்கிரும்."

"எப்போலருந்து புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

"மழ தொடங்குனதுலருந்து. ஒரு சிங்கள மஹத்தயா வந்து, மல்லி, மேக்க பொட்டக் அல்லாகன்னன்னாரு. தம்பி, இதக் கொஞ்சம் புடின்னா பொறகு வந்து வாங்கிக்குவாருன்னு நெனச்சேன். ஆளக் காணல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவருக்கு அப்போதுதான் இது யார் என்று புரிந்திருக்க வேண்டும். கையை இறக்க முடியாது, சட்டையைச் சரி செய்ய முடியாது, எங்கேயும் போகவும் முடியாது. அப்படியே நின்றபடி வணக்கம் சொன்னார். அம்மாவுக்குக் கால் வலி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றார். அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். யாராவது பார்ப்பார்களா என்று ஒருமுறை கூடத் திரும்பவில்லை. பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் தெருவுக்கு அந்தப் பக்கம் வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டீங்களா?"

"வரிசையிலதான் நின்னேன். கிட்ட வந்தப்ப கம்பு கையில வந்துருச்சு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, இதக் கொஞ்சம் புடி."

பிடித்தேன். அந்தக் குழாயின் பாரம் பார்ப்பதற்குத் தெரியாது. மேலே தறப்பாள் குழியில் மழைத்தண்ணீர் சேர்ந்து, அது அங்கும் இங்கும் ஆடும்போது நாமும் ஆட வேண்டும். இவர் போய் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வரும்வரைதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சோறு போட்ட ஆட்கள் அவரைப் பார்த்து, நீ இவ்வளவு நேரம் நின்றவன், முன்னால் வா என்று கூப்பிட்டார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு, முன்னால் நின்ற கிழவிக்கும் பிள்ளைகளுக்கும் வழிவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போனார். வரிசை கூடாரத்தைத் தாண்டிப் பாலம் வரை இருந்தது. அக்காவும் கூடவே போனாள். அந்த நேரத்தில் அவருடைய நற்குணத்தை நான் பெரிதாக மதிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒரு குடைக்கடியில், அதுவும் யாரோ முன்னால் நின்றவரின் குடை, இரண்டு பேரும் பேசிக்கொண்டே அடி அடியாக நகர்ந்து வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. நடுவில் அவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, இடது பக்கம் சாய்க்காதே என்று காட்டினார். அதைப் புரிந்துகொள்ளும் முன்னால் இடது பக்கம் சாய்த்துவிட்டேன். குழியில் நின்ற தண்ணீர் முழுவதும் என் பிடரியில் இறங்கியது. தன்சல்காரர் ஒருவர் ஓடி வந்து என் முதுகில் தட்டி, இதற்கெல்லாம் புண்ணியம் சேரும் என்று சிங்களத்தில் சொன்னார். வந்தவர் கம்பைப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளைதான் பிடித்தார். சோறு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார், தட்டை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு வந்து, "விடுங்க தம்பி, நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்று குழாயை வாங்கிக்கொண்டார். அக்கா ஒரு கையில் தன் தட்டும் மறு கையில் அவர் தட்டுமாக நின்றாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் டிவிஷன் தெருவைக் கடந்து திரும்பி வந்தது. பெரியம்மாவின் முகம் தோரண லைட்டை விட அதிகமாக எரிந்தது. பக்கத்தில் நின்ற துருச்சட்டைக்காரர் யார் என்று கேட்டார். கம்பு பிடித்துக்கொண்டிருப்பவர் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. பெரியம்மா அதோடு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பிப் போகும் பஸ்ஸில் அவர்தான் குடைக்காரரின் கதையைச் சொன்னார். மாப்பிள்ளைக்கு கம்பெனி உத்தியோகம். சொந்த வீடு, ஒரு தங்கச்சி. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. நாங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னதோடு நிற்காமல், நம் வீட்டில் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் என்ன வயது, யாருக்காவது சீனி வருத்தம், பிரஷர் இருக்கிறதா என்று அவரும் கேட்டார். அப்பா எத்தனை வருடமாக வேலை செய்கிறார் என்றுகூடக் கேட்டார்.

"இந்த அளவுக்கு விசாரிச்ச மாப்பிள்ளைய நான் பாத்ததே இல்ல. வர்ற ஞாயித்துக்கெழம வீட்டுக்கே வர்றேன்னுட்டாரு."

பெரியம்மா அவருக்கு லயத்து நம்பர் வரை சொல்லிக் கொடுத்திருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையை அம்மாவிடமாவது சொல்லிவிடலாம் என்று அக்காவின் காதில் சொன்னேன்.

"வீட்டுல சொன்னா செவத்துக்குக் கேக்கும். அம்மாவுக்கு மெதுவாப் பேச வராது. இரு."

உனக்குப் பிடித்ததா என்று கேட்டேன். இன்னும் ஒருமுறை பேச வேண்டும், பாதியில் கம்பைப் பிடிக்கப் போய்விட்டார் என்றாள்.

பேசுவதுதான் சுலபமில்லை. எங்கள் லயத்தில் போன் எடுக்கும் ஒரே இடம் மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்து மேடு. அங்கே நின்று பேசுகிறவர் மேடையில் நின்று பேசுகிறவர் மாதிரி. கீழே ஒவ்வொரு வாசலிலிருந்தும் தெரியும். அந்த வாரம் அக்கா இரண்டு தடவை ஏறப் பார்த்தாள். முதல் தடவை ஐந்தாறு பேருக்குத் திடீரென்று தண்ணீர் தேவைப்பட்டது. இரண்டாம் தடவை பெரியம்மாவே துணைக்கு வந்துவிட்டார். கம்பு பிடித்தவரிடமிருந்து வந்த மெசேஜ்களை அவள் மடுவத்திலிருந்து மற்றவர்களோடு வரும் வழியில் வாசித்துவிட்டு, பதில் எழுதாமல் அழித்தாள். சில விஷயங்களை எழுதிக் கேட்க முடியாது, குரலைக் கேட்டால்தான் தெரியும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அதே இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஒரு கறுத்தப் பை. லயம் முழுவதும் வெளியே வந்தது. கதிரைகள் வந்தன. பீலியில் உடுப்புகள் வந்தன. அம்மா முறுக்கும் பிளேன்டீயும் கொண்டு போய் வைத்தார். அவர் பையைத் திறந்து, சிரித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களின் கலர்ப் படங்கள் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தார். தகப்பன் இல்லாமல் போனால் இந்தக் குடும்பம் எப்படிச் சிரிக்கும் என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது: அவர் இன்சூரன்ஸ்காரர். பெரியம்மா மட்டும், மாப்பிள்ளை தன் உத்தியோகத்தைப் பற்றி விளக்குகிறார் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவைக் கூட்டி வா என்று அம்மா கண்ணால் சொன்னார். உள்ளே இல்லை, பின்கட்டிலும் இல்லை. நான் மேட்டுப் பக்கம் பார்த்தேன்.

தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். கீழே இவ்வளவு ஜனம் இருந்தும் ஒரு தலைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் ஏறிப் போனேன். அவள் எதையோ கேட்டாள், பதிலைக் கேட்டாள், இன்னொன்று கேட்டாள். கால் விரலால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே சிரித்தாள். என்னைக் கண்டதும் போனைக் கையால் மூடினாள்.

"சித்தப்பாகிட்ட சொல்லிரு, எனக்குச் சரின்னு."

"கீழ என்ன சொல்றது?"

அவள் லயத்து வாசலை எட்டிப் பார்த்தாள். இன்சூரன்ஸ்காரர் எழுந்து பையை மூடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இன்னும் பேசணும். அவரக் கொஞ்சம் உக்கார வையி."

நான் இறங்கி ஓடினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நின்று, பிள்ளைகளின் படிப்புக்கும் ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பையிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்தார். பெரியம்மா அவருக்கு இன்னொரு பிளேன்டீ ஊற்றச் சொன்னார்.